லகூனா செகாவில் நான்கு நாள்: ஒரு கிளப் பந்தயத்தின் நாட்குறிப்பு

வியாழன், மாலை

சான் ஹோசேயிலிருந்து 101ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே கில்ராய், ப்ரூன்டேல், சலீனாஸ் என்று இறங்கி, 68ஆம் சாலையில் மேற்கே திரும்பினால் வலப்பக்கம் லகூனா செகா கார் பந்தயப் பாதையின் வாசல் வரும். தூரம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். பின்னால் டிரெய்லர் இருந்தால் கலிஃபோர்னியா சட்டப்படி மணிக்கு 55 மைலைத் தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் மாட்டினால் இரவாகிவிடும். அதனால் வியாழன் மதியமே கிளம்புவது நல்லது.

டிரெய்லர் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். நாங்கள் ஓட்டும் மாஸ்டா மியாட்டா என்ற சிறிய பந்தயக் கார் ஆள் ஏறாமல் ஒரு டன்னை ஒட்டி இருக்கும். ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கியில் உட்கார வேண்டும். காரை ஓர் அடி பின்தள்ளி நிறுத்திவிட்டால் அந்தப் பங்கு குறையும், இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அப்படி ஆடினால் கால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை விட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தினால் நேராகிவிடும். நான்கு மூலையிலும் ராட்செட் பட்டை போட்டு, முதல் 20 மைலில் ஒரு தடவை நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் கொஞ்சம் அமர்ந்திருக்கும், பட்டை தளர்ந்திருக்கும்.

ஸ்பானிய மொழியில் லகூனா செகா என்றால் வறண்ட ஏரி. பெபிள் பீச்சில் பைன் மரங்களுக்கு நடுவே நடந்துவந்த பந்தயம் 1956இல் நேர்ந்த ஒரு மரணத்தோடு நின்றது. அதற்கு மாற்றாக ஃபோர்ட் ஓர்ட் ராணுவ நிலத்தில் இந்தப் பாதையைப் போட்டார்கள். 1957 நவம்பரில் முதல் பந்தயம். 1988இல் ஏரிப் பக்கம் சில வளைவுகளைச் சேர்த்து நீட்டினார்கள். இன்று 2.238 மைல், அதாவது 3.6 கிலோமீட்டர், 11 வளைவுகள். 2023இல் முழுவதும் புதிதாகத் தார் போட்டிருக்கிறார்கள். பழைய தாரில் எடுத்த குறிப்புகளை, குறிப்பாக பிரேக் பிடிக்கும் இடங்களை, அப்படியே நம்ப வேண்டாம்.

1944இல் தொடங்கிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரம் இங்கே பந்தய வார இறுதிகளை நடத்துகிறது. பதிவெல்லாம் மோட்டார்ஸ்போர்ட்ரெஜ் தளத்தில். கொடி காட்டுகிறவர், நேரம் குறிக்கிறவர், வண்டியைச் சோதிக்கிறவர், கிரிட்டில் வரிசைப்படுத்துகிறவர் எல்லோருமே தன்னார்வலர்கள். அவர்களில் ஒரு பங்கு குறைந்தாலும் பந்தயம் நடக்காது. புதிதாக வருபவர் பதிவுக்கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு வார இறுதி கொடி மேடையில் நின்று பாருங்கள். யார் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், எந்த வளைவில் எப்படிச் சுழல்கிறார்கள் என்பது அங்கிருந்து தெரிவதுபோல் காருக்குள்ளிருந்து தெரியாது.

வண்டிகளை நிறுத்தி வேலை பார்க்கும் திடலான பேடாக்கில் இடம் பிடித்ததும் பந்தலுக்குக் காலுக்கு ஒன்றாக நான்கு மூலையிலும் பாரம் கட்டுங்கள். தாரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். மதியம் மான்டரே விரிகுடாவிலிருந்து ஏறி வரும் காற்று கட்டாத பந்தலைப் பக்கத்து வண்டிமேல் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

வெள்ளி

இன்று பயிற்சி நாள். வண்டிச் சோதனையும் இன்றே முடிந்தால் சனிக்கிழமை காலை நிம்மதி.

நாங்கள் எழுதுவது ஸ்பெக் மியாட்டா என்ற வகுப்பைப் பற்றி. 1990 முதல் 2005 வரையிலான மாஸ்டா மியாட்டாக்கள், எல்லோருக்கும் ஒரே வகை ஷாக், ஒரே ஸ்பிரிங், விதித்த டயர். எஞ்சினில் கை வைக்க அனுமதி மிகக் குறைவு. சக்கரத்துக்கு வரும் சக்தி 120 குதிரைத்திறனை ஒட்டித்தான். உதிரிபாகம் எல்லா ஊரிலும் கிடைக்கும், பக்கத்துப் பந்தலிலும் கிடைக்கும். அமெரிக்காவில் கிளப் பந்தயத்துக்குப் புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல வண்டி இல்லை என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

சோதனையில் முதலில் கேட்பது வண்டியின் பதிவுப் புத்தகம். எந்தப் பந்தயத்தில் எங்கே இடித்தது, அதைச் சரிசெய்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்தது ஓட்டுநரின் உடை: கார் பந்தயத்துக்கான ஸ்னெல் எஸ்.ஏ. தர முத்திரை உள்ள ஹெல்மெட், தீ தாங்கும் சூட், கையுறை, காலணி, கழுத்துக் காப்பு. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் செல்லாது, அதில் தீச்சோதனை கிடையாது. பலரும் தடுக்கி விழும் இடம் சீட் பெல்ட். அதில் இருக்கும் எஃப்.ஐ.ஏ. என்ற உலக மோட்டார் பந்தய அமைப்பின் முத்திரையில் எந்த ஆண்டுக்குப் பிறகு செல்லாது என்று அச்சிட்டிருக்கும். பட்டை புதுசு மாதிரி இருந்தாலும் அந்த ஆண்டு தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அனுப்பவும் வேண்டும். வெயில் பட்ட பட்டை வெளியே தெரியாமல் வலுவிழக்கிறது.

அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கில் சுவிட்ச் பேட்டரியை மட்டும் வெட்டினால் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினும் அணைய வேண்டும். ஆல்டர்னேட்டர் கம்பியைத் தவறான பக்கத்தில் மாட்டியிருந்தால் பேட்டரி துண்டித்த பிறகும் எஞ்சின் தன்பாட்டில் ஓடும். வீட்டிலேயே எஞ்சினை ஓடவிட்டு, சுவிட்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாருங்கள். ஜன்னல் வலை ஒரே இழுப்பில் விழ வேண்டும். இழுவைக் கொக்கி முன்னும் பின்னும் வெளியே தெரிய வேண்டும். மண்ணில் மாட்டிய காரை இழுக்க வருபவர் கொக்கியைத் தேடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் எல்லோருடைய பந்தய நேரம்.

இனி பிரேக். லகூனா செகாவில் மேட்டைத் தாண்டி வேகமாக இறங்கிவந்து இரண்டாவது வளைவுக்கு ஒரு பெரிய பிரேக், கார்க்ஸ்க்ரூ என்ற எட்டாவது வளைவுக்கு ஒன்று, பதினோராவது வளைவுக்கு ஒன்று. சாதாரண டாட் 4 பிரேக் ஆயிலுக்குத் தரம் விதிக்கும் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி. பந்தயத்துக்கான மோட்டுல் ஆர்.பி.எஃப். 600 ஆயிலில் இது புதிதாக இருக்கும்போது 312, ஈரம் ஏறிய பிறகும் 200க்கு மேல். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஆறு மாதம் வண்டியில் கிடந்த ஆயில், சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரில் கொதித்தால் ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும். அதனால் ஒவ்வொரு பந்தய வார இறுதிக்கும் முன்னால் ஏர் எடுத்தே தீர வேண்டும், அதாவது பழைய ஆயிலையும் குமிழிகளையும் வெளியேற்றிப் புது ஆயில் நிரப்ப வேண்டும்.

வரிசை: மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருப்பது முதலில். இடப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பின் வலம், பின் இடம், முன் வலம், முன் இடம். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்து அப்படியே அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் காலிப்பரில் ஆயில் வெளியேறும் நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். தெளிவான பிளாஸ்டிக் குழாயை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டிருந்தால் உள்ளே ஓடுவது தெரியும். முதலில் தேநீர் நிறத்தில் பழைய ஆயில் வரும், நடுவே கடுகளவு குமிழிகள் இரண்டு மூன்றாக ஓடும், பிறகு வெளிர் மஞ்சளாகத் தெளிந்து வரும். தெளிந்த பிறகும் இரண்டு மிதி கூடுதலாக எடுங்கள். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலிலிருந்து கால் எடுக்க வேண்டும், மாறினால் காற்று உள்ளே போய்விடும். அரை லிட்டர் பாட்டில் ஒன்று ஒரு தடவைக்குத் தாராளம். ரிசர்வாயரை இடையிடையே நிரப்ப மறந்தால் மொத்த வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.

டயர்க் காற்று அடுத்த வேலை. பாதை இடஞ்சுழி, பெரிய வளைவுகள் பெரும்பாலும் இடப்பக்கம். பாரம் முழுக்க வலப்பக்க டயர்கள்மேல் விழும், முன் வலம்தான் எல்லாவற்றையும்விடச் சூடாகும். நான்கிலும் ஒரே காற்று வைத்து வெளியே போனால் திரும்பும்போது வலப்பக்கம் இரண்டு பி.எஸ்.ஐ. கூடுதலாக இருக்கும். ஆகவே குளிர்ந்த நிலையில் வலப்பக்கம் 28, இடப்பக்கம் 30 என்று தொடங்குங்கள். டோயோ ஆர்.ஆர். டயர் சூடான பிறகு நான்கும் 36க்கும் 38க்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். பாதையோரம் வண்டி நிறுத்தும் பிட்டுக்குள் நுழைந்ததும் அரை நிமிடத்துக்குள் அளக்க வேண்டும், முன் வலத்திலிருந்து தொடங்கி. பேடாக்குக்கு ஓட்டிவந்து, ஹெல்மெட் கழற்றி, தண்ணீர் குடித்துவிட்டு அளந்த எண் எதற்கும் உதவாது.

வீல் நட்டை ஒவ்வொரு முறை வெளியே போகுமுன்னும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் 80 பவுண்ட் அடிக்கு இறுக்குங்கள். ஏர் கன் சத்தத்தை நம்பி விட்ட சக்கரங்கள் கழன்று போயிருக்கின்றன.

சனி

காலை ஏழு மணிக்குப் பாதை தெரியவில்லை, பனிமூட்டம். இங்கே கோடையிலும் இப்படித்தான். தார் ஈரமாக இருப்பது காருக்குள்ளிருந்து தெரியாது. முதல் இரண்டு லேப்பை, அதாவது பாதையின் இரண்டு முழுச் சுற்றை, டயரும் பிரேக்கும் சூடாக்குவதற்கு மட்டும் வையுங்கள்.

பாதையைச் சொல்கிறோம். பிட்டுக்கு எதிரே இருக்கும் நேர்ச்சாலை முழுநேரான சாலை இல்லை. முதல் வளைவு லேசான இடத்திருப்பம், அதுவும் ஒரு மேட்டின் உச்சியில், அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. மியாட்டாவில் ஆக்ஸிலேட்டரை எடுக்காமலே தாண்டலாம். தாண்டியதும் இறக்கத்தில் பிரேக். இரண்டாவது வளைவு ஆண்ட்ரெட்டி ஹேர்பின், உள்விளிம்பை இரண்டு இடத்தில் தொட வேண்டிய இடது வளைவு. முதல் தொடுகையில் வேகமாகப் போனவர் இரண்டாவதில் அகன்று போவார். மூன்றும் நான்கும் தட்டையான வலது வளைவுகள். நான்கின் வெளியேற்றத்தில் பேராசைப்பட்டால் இரண்டு சக்கரம் மண்ணில் இறங்கும்.

அப்படி இறங்கினால் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பி ஏற்றப் பார்க்காதீர்கள். தார் விளிம்பு சக்கரத்தைப் பிடித்து இழுத்து, ஏறிய கணத்தில் காரைப் பாதைக்குக் குறுக்கே வீசும். நேராகப் பிடித்தபடி வேகம் குறையவிட்டு, மெதுவாக ஏறுங்கள். சுழன்றுவிட்டால் கிளட்ச், பிரேக் இரண்டையும் அடிவரை மிதித்து, கார் நிற்கும்வரை விடாதீர்கள். பின்னால் வருபவர் உங்கள் கார் எங்கே போகும் என்று கணித்துத்தான் விலகுகிறார். பாதியில் பிரேக்கை விட்டால் கார் அவர் கணிக்காத பக்கம் உருளும்.

ஐந்தாவது வளைவிலிருந்து ஏற்றம் தொடங்குகிறது. ஆறாவது வளைவு இடப்பக்கம், வேகமானது, உள்ளே ஒரு பள்ளத்தில் அமுங்கி மேலே ஏறும். அதிலிருந்து வெளியே வரும்போது உள்ள வேகம் மலை உச்சிவரை கூட வரும். 120 குதிரைத்திறனில் ஏற்றத்தில் இழந்த வேகத்தைத் திரும்ப எடுக்க முடியாது. புதியவர்கள் எல்லோரும் கார்க்ஸ்க்ரூவைப் பற்றியே கேட்கிறார்கள். ஆறாவது வளைவைப் பற்றிக் கேளுங்கள். நல்ல லேப் அங்கேதான் உருவாகிறது, காரும் பெரும்பாலும் அங்கேதான் நொறுங்குகிறது. பயந்து நடுவில் ஆக்ஸிலேட்டரை எடுத்தால் பாரம் முன்னுக்குச் சாய்ந்து பின்பக்கம் கழன்றுவிடும். நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நுழைந்த பின் காலை அசைக்காமல் வைத்திருப்பதே வழி. ஒவ்வொரு அமர்விலும் நுழைவு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கார்க்ஸ்க்ரூ எட்டாவது வளைவு: இடம், உடனே வலம், அதற்குள் 59 அடி இறக்கம். உச்சியில் பிரேக் பிடிக்கும்போது முன்னால் வானம்தான் தெரியும். முழு பிரேக்கையும் மேடு ஏறும் நேரத்திலேயே முடித்துவிட வேண்டும். உச்சி தாண்டினால் சக்கரத்தில் பாரம் குறைந்து, சுழலாமல் லாக் ஆகும். அந்தப்பக்கம் தெரியும் மரத்தைக் குறிவைத்துக் காரை விடுங்கள் என்று பழையவர்கள் சொல்வது சரிதான். கண் கீழே தாருக்குப் போனால் வலத்திருப்பத்துக்குத் தாமதமாகிவிடும். அடுத்த ஒன்பதாவது வளைவு, ரெய்னி வளைவு, இறக்கத்திலேயே நீண்ட இடது. பத்து வலது. பதினொன்று மிக மெதுவான இடது, இரண்டாம் கியர். அங்கிருந்து மறுபடி நேர்ச்சாலை. நன்றாகப் பழகியவர்கள் மியாட்டாவில் ஒரு லேப்பை 1 நிமிடம் 45 விநாடியை ஒட்டி முடிப்பார்கள். முதல் தடவை வருபவர் இரண்டு நிமிடத்தில் தொடங்கினாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொடிகளை மனப்பாடமாக வைத்திருங்கள். அசையாத மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தக் கூடாது. அசையும் மஞ்சள் என்றால் பெரிய ஆபத்து, நிற்கவும் தயாராக இருங்கள். மஞ்சளில் சிவப்புக் கோடு என்றால் தாரில் ஆயிலோ மண்ணோ கிடக்கிறது. கறுப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உங்கள் வண்டியில் ஏதோ கோளாறு. வெள்ளைக் கொடியில் பலர் தவறு செய்கிறார்கள்: வேறு பந்தயங்களில் அது கடைசி லேப், இந்தக் கிளப்பில் முன்னால் மெதுவான வண்டியோ ஆம்புலன்ஸோ போகிறது என்று அர்த்தம். கடைசி லேப் என்று நினைத்து விரட்டினால் விபரீதம்.

ஒலிக்கும் கட்டுப்பாடு உண்டு, சுற்றிலும் குடியிருப்புகள். கிளப் நாட்களில் வரம்பு 90 டெசிபலை ஒட்டி இருக்கும், அந்த வாரத்தின் எண் அறிவிப்பில் வரும். சைலன்சர் சரியாக இருக்கும் மியாட்டாவுக்குப் பிரச்சினை இல்லை. இடையில் ஒரு கேஸ்கட் ஊதினால் போதும், பிட்டுக்கு வரச்சொல்லும் கறுப்புக் கொடி வந்துவிடும்.

மாலை வண்டியை ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி, முன்சக்கரம் மாட்டும் பேரிங் உள்ள நடுப்பகுதியான ஹப்பைப் பாருங்கள். மியாட்டாவில் அடிக்கடி போவது இதுதான். சக்கரத்தை மேலும் கீழுமாக, 12 மணி 6 மணி நிலையில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். நல்ல பேரிங்கில் ஒரு நூல்கூட ஆட்டம் இருக்காது. கிளிக் என்று மெலிதாக ஒரு தட்டல் கேட்டாலோ, உள்ளங்கையில் உணர்ந்தாலோ ஹப்பை மாற்றிவிடுங்கள். இடம் வலமாக, 3 மணி 9 மணியில் ஆட்டும்போது மட்டும் தட்டினால் கோளாறு, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடில். ஹப் ஆடும் வண்டியில் பிரேக் டிஸ்க் சாய்ந்து பேடைப் பின்னுக்குத் தள்ளும். வளைவுக்குப் பிறகு முதல் மிதியில் பெடல் உள்ளே போகும், இரண்டாவது மிதியில் சரியாகிவிடும். இதை ஏர் என்று நினைத்து இரவெல்லாம் பிரேக் ஆயிலை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. காலிப்பர், டிஸ்க், 29 மில்லிமீட்டர் நட், அவ்வளவுதான் கழற்ற வேண்டியது. உதிரியாக ஒரு புது ஹப்பும் புது நட்டும் எப்போதும் பெட்டியில் இருக்கட்டும். பழைய நட்டை மறுபடி போடக் கூடாது, அடித்து மடக்கிய விளிம்பு இரண்டாவது தடவை பிடிக்காது.

ஞாயிறு

இன்று முப்பது நிமிடப் பந்தயம். அதற்கு முன் பெட்ரோல் கணக்கு.

பந்தய வேகத்தில் மியாட்டா அரை மணி நேரத்துக்கு நான்கிலிருந்து ஐந்து காலன் குடிக்கும். தொட்டி கால் பங்குக்குக் கீழே போனால் நீண்ட வளைவுகளில் பெட்ரோல் ஒருபக்கமாக ஒதுங்கி பம்புக்கு எட்டாது, எஞ்சின் திக்கும். ஆகவே முடியும்போது மூன்று காலன் மிஞ்ச வேண்டும், எட்டு காலனோடு கிளம்பலாம். ஒரு காலன் ஆறு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். பந்தயம் முடிந்ததும் ஓட்டுநரோடு சேர்த்து எடை போடுவார்கள். 1.8 லிட்டர் வண்டிகளுக்கு வரம்பு 2,400 பவுண்டை ஒட்டி, மாடலுக்கு மாடல் மாறும். எரிந்தது முப்பது பவுண்டு என்று கணக்கில் வைக்காமல் காலையில் எடை போட்டவர் ஜெயித்த பந்தயத்தைத் தராசில் இழப்பார். பத்துப் பவுண்டு கூடுதலாகவே வையுங்கள்.

தொடக்கத்துக்கு வண்டிகள் வரிசையாக நிற்கும் கிரிட்டுக்கு ஐந்து நிமிட அறிவிப்புக்கு முன்பே போய்விடுங்கள். பட்டை, வலை, கழுத்துக் காப்பின் இரண்டு கொக்கியும் மாட்டியாயிற்றா என்று வேறொருவர் கையால் தொட்டுப் பார்க்கட்டும். நேரம் குறிக்கும் டிரான்ஸ்பாண்டரில் விளக்கு எரிகிறதா என்றும் பார்க்கட்டும்.

தொடக்கம் ஓடும் தொடக்கம். முன்னோடிக் கார் விலகியதும் இரண்டிரண்டாகப் பதினோராவது வளைவிலிருந்து வருவோம், பச்சைக் கொடி விழும். பின்வரிசையில் இருப்பவருக்கு இங்கே ஒரு பொறி. முன்னே இருப்பவர்கள் வேகமெடுக்கும்போது நீங்கள் இன்னும் வளைவுக்குள் இருப்பீர்கள். இடைவெளியைப் பிடிக்கப் பாய்ந்தால், முதல் மேடு தாண்டியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் இரண்டாவது வளைவுக்கு பிரேக் பிடித்து நெருங்கி நிற்பார்கள். முதல் லேப்பில் அங்கே வழக்கத்தைவிட மிக முன்னதாகவே பிரேக் பிடியுங்கள். பிரேக்கும் டயரும் இன்னும் முழுச் சூட்டுக்கு வந்திருக்காது.

மியாட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றுமறைவில் ஒட்டிக்கொண்டு ஓடும். முன்கார் காற்றைத் தடுப்பதால் ரேடியேட்டருக்குப் போதிய காற்று வராது, நான்கைந்து லேப்பில் வெப்பமானி ஏறும். நேர்ச்சாலையில் அரைக்கார் அகலம் ஒதுங்கி மூக்கைக் காற்றில் காட்டுங்கள், இறங்கிவிடும். இறங்காவிட்டால் பிட்டுக்கு வாருங்கள். ஹெட் கேஸ்கட் போன எஞ்சினோடு வீட்டுக்குப் போவதைவிட ஒரு பந்தயத்தை விடுவது மலிவு.

உரசல் நடந்தால், சிறியதாக இருந்தாலும், அதிகாரிகளிடம் இருவரும் போய்ச் சொல்ல வேண்டும். மறைத்தால் வீடியோ காட்டிவிடும். எல்லா வண்டியிலும் இன்று கேமரா இருக்கிறது.

கட்டமிட்ட கொடி விழுந்த பிறகு ஒரு லேப் மெதுவாக ஓட்டி எஞ்சினையும் பிரேக்கையும் ஆறவிடுங்கள். ஒவ்வொரு கொடி மேடையிலும் எல்லாக் கொடியையும் சேர்த்து ஆட்டுவார்கள். கையுறைக் கையை உயர்த்தி ஒவ்வொருவருக்கும் ஆட்டுங்கள். மூட்டத்தில் காலை ஆறு மணிக்கு வந்து, உங்களுக்காக நாள் முழுக்க வெயிலில் நின்றவர்கள் அவர்கள். தராசில் ஏறி, எடை சொன்ன பிறகே இறங்க வேண்டும். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கில் பேட் ஒட்டித் தழும்பாகும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

கிளம்புமுன் சோதனைக் கொட்டகையில் பதிவுப் புத்தகத்தைத் திரும்ப வாங்க மறக்க வேண்டாம். டிரெய்லர் வீல் நட்டையும் ஒருமுறை டார்க் ரென்ச்சால் பாருங்கள். 68க்கு இறங்கும் வழி செங்குத்து, தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள், டிரெய்லர் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே போனால் கீழே போகுமுன் புகை வரும். வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியவை: கியர்பாக்ஸ் ஆயில், டிஃபரென்ஷியல் ஆயில், உதிரி முன் ஹப்பைப் பயன்படுத்தியிருந்தால் மாற்று வாங்கிப் பெட்டியில் போடுவது, பேட் கனம் பாதிக்குக் கீழே இருந்தால் புது பேட். பிரேக் ஆயில் மீதி இருந்தாலும் திறந்த பாட்டிலை அடுத்த பந்தயத்துக்கு வைக்காதீர்கள்.